ஐஸ்ல வச்சிருங்க

நவம்பர் 1, சனி

இந்த டைரி டீத்தூள் ஏஜென்ட் கடைக்குக் கொடுத்தது. போன வருஷத்து டைரி. அப்பா என்னிடம் தந்துவிட்டார். கிழமையை அடித்துவிட்டு மேலே புதிதாக எழுதிக்கொள்கிறேன். பள்ளி நோட்டில் எழுதினால் அம்மா புரட்டிப் பார்ப்பாள். அதனால் இரண்டு பேரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று அப்பாவோடும் அம்மாவோடும் மதுரைக்குப் போனேன். கிட்னி டாக்டரம்மா புது ரிப்போர்ட்டைப் பார்த்தார். ரத்த அளவு 8.4. ஜனவரியில் அம்மாவின் ஒரு கிட்னியை எடுத்து அப்பாவுக்கு வைக்க வேண்டும். அதற்குள் ரத்த அளவு பத்துக்கு வர வேண்டும்.

"கிட்னி கெட்டதுக்கும் ரத்தம் கொறையறதுக்கும் என்னங்கம்மா சம்பந்தம்?" என்று அம்மா கேட்டாள்.

"கிட்னி வெறும் வடிகட்டி இல்லம்மா. ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்கு ஆர்டர் குடுக்கறதும் அதுதான். இப்ப அந்த ஆர்டர் போகல. இந்த ஊசி அந்த வேலையப் பாக்கும்."

அப்பா உடனே, "வெளங்கிருச்சு டாக்டரம்மா. கல்லாவுல இருந்து அண்ணாச்சி 'மாஸ்டர், ரெண்டு டீ'ன்னு கத்துனாத்தான் நான் டீ போடுவேன். கத்துற ஆளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அம்புட்டுதானே?" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அப்பா அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ மாஸ்டர். எதைச் சொன்னாலும் டீக்கடைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

பிறகு டாக்டரம்மா ஒரு தாளில் அம்மாவின் இடுப்பை வரைந்து எங்கே கிழிப்பார்கள் என்று காட்டினார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மருந்துக் கடையில் எட்டு ஊசி வாங்கினோம். வாரம் ஒன்று, இரண்டு மாதத்துக்கு. மருந்து ஊசிக்குள்ளேயே அடைத்து வருகிறது. கடைக்காரர் அதைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, "போனதும் மொத வேலையா ஐஸ்ல வச்சிருங்க. வெளிய இருந்தா மருந்து செத்துப்போகும்" என்றார். பஸ்ஸில் மூன்று முறை பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

"எங்க சோதி இருக்கா, அவ பாத்துக்குவா" என்று அப்பா பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார். நாகஜோதி என்று முழுப் பெயரையும் அவர் சொன்னதே இல்லை. "ஒம்பதாவதுல இங்கிலீஷ்ல அவதான் மொதலு. மருந்துச் சீட்டெல்லாம் அவதான் படிக்கிறது."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஊசிகளை ஐஸில் வைத்தேன். ஐஸ் டிரேயைக் கீழே எடுத்துப் போட்டுவிட்டு பிரிட்ஜின் மேல்பக்கம் இருக்கும் குட்டிக் கதவுக்குள் எட்டையும் அடுக்கினேன். இந்த ஊசி போட வேண்டிவரும் என்று டாக்டரம்மா போன மாதமே சொன்னதால்தான் இந்த பிரிட்ஜையே வாங்கினோம்.

நவம்பர் 2, ஞாயிறு

கடைசி வீட்டு எஸ்தர் சிஸ்டர் வந்து அப்பாவுக்கு முதல் ஊசி போட்டார். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். நேற்றே, "குளுர்ந்தபடியே போட்டா வலிக்கும், அரை மணி நேரத்துக்கு முன்னால எடுத்து வெளிய வை" என்று சொல்லியிருந்தார். எடுத்தபோது கல் மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். அவர் வருவதற்குள் தண்ணீராகிவிட்டது.

"ஐஸ்லதானே வச்சிருந்த?"

"ஆமா சிஸ்டர். ஐஸ்லதான்."

"கெட்டிக்காரி."

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாவது ஊசி. அதுவும் கல். அதையும் உருட்டினேன்.

அம்மா புடவை மாற்றும்போது இடது இடுப்பைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. டாக்டரம்மா வரைந்த கோடு அதன் மேல்தான் போகும்.

நவம்பர் 11, செவ்வாய்

இங்கிலீஷ் டீச்சர், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு இங்கிலீஷ் தாளைப் படித்து அதில் பத்து கட்டளை வாக்கியம் எழுதி வரச் சொன்னார். ஊசி டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தேன். கொசு மாதிரி எழுத்து. நான்காவது வாக்கியம், டூ நாட் ஃப்ரீஸ், உறைய விடாதே. ஐந்தாவது, உறைந்துபோயிருந்தால் பயன்படுத்தாதே.

இரண்டையும் நோட்டில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் படித்தேன்.

பிரிட்ஜுக்குள் இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டுமாம். அதாவது கீழே, தக்காளி வைக்கிற இடத்தில். ஐஸில் இல்லை. ஆனால் எல்லோரும் ஐஸ் என்றுதான் சொன்னார்கள். மருந்துக் கடைக்காரர் சொன்னார். சிஸ்டர் சொன்னார். எங்கள் வீட்டில் ஐஸ் என்றால் அந்தக் குட்டிக் கதவுதான்.

மீதி ஆறையும் எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்தேன். இனி சரியாகிவிடும்.

நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பால் பாக்கெட்டில் இருந்து பத்து வாக்கியம் தேடினேன். ஏழுதான் கிடைத்தது.

நவம்பர் 12, புதன்

சொல்லவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மூன்றாவது ஊசி. தெளிவாகத்தான் இருந்தது. உறைந்து உருகினாலும் தண்ணீர் தண்ணீர்தானே? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சிஸ்டர் போட்டுவிட்டுப் பஞ்சால் அழுத்தினார். அப்பா, "கையில தெம்பு வந்துட்டா பொங்கலுக்கு உன்னத் தூக்கித் தட்டாமால சுத்துவேன்" என்றார். நான் சின்னப் பிள்ளையா என்று கேட்டேன். "உனக்கு வயசாயிருச்சுன்னா எனக்கும் வயசாயிருச்சுன்னு ஆகும். அதனால நீ சின்னப் பிள்ளைதான்."

நவம்பர் 23, ஞாயிறு

நான்காவது ஊசி போட்டதும் அப்பா கடைக்குப் போய்விட்டார். மத்தியானம் சோறு கொண்டுபோனேன்.

அப்பா டீ ஆற்றினால் மக்குக்கும் கிளாசுக்கும் நடுவே முழுதாக ஒரு கை நீளம் இருக்கும். ஒரு சொட்டு சிந்தாது. பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். இன்று ஒரு சாண் இருந்தது. நான்கு டீ போட்டதும் மக்கை வைத்துவிட்டு பாய்லரைப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்துக் கிடந்தது.

லாரி செட் கருப்பையா மாமா கிளாசைத் தூக்கிப் பார்த்து, "என்ன மாஸ்டரே, நொரையக் காணோம்? பால்ச்சாமின்னு பேருலதான் பாலு இருக்கு" என்றார்.

"நொர வேணும்னா சோப்புக் கட்டி வாங்குங்க" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரித்ததிலேயே மூச்சு வாங்கியது.

நான் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

நவம்பர் 29, சனி

மதுரை. ரத்த அளவு 7.6. ஏறவில்லை, இறங்கிவிட்டது.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலம் கறுப்பாகப் போகிறதா, காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். இரும்பு மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பிறகு, "ஊசிய ஐஸ்ல வச்சிருக்கீங்கல்ல?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"பிரிட்ஜுல, கீழ்த் தட்டுல இருக்கு" என்றேன். பொய் இல்லை. இப்போது அங்கேதான் இருக்கிறது.

"குட். டீ குடிக்கிறாரா? டீயோட சேர்ந்தா இரும்புச் சத்து ஒடம்புல ஒட்டாது. மாத்திரைக்கு முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு மணி நேரம் கேப் விடணும்."

அம்மா பிடித்துக்கொண்டாள். "டீக்கடையில நிக்கிற மனுசன் குடிக்காம இருப்பாராம்மா? அதான் காரணம். நான் நெனச்சேன்."

"நான் குடிக்கலை வேலுத்தாயி."

"ருசி பாக்காம எப்படிப் போடுவீக?"

"மோந்து பாத்தா தெரியும். இருபத்திரண்டு வருசமாப் போடுறேன்."

"மோந்து பாத்தாராம்!"

அப்பா டாக்டரம்மாவைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.

இனி ஊசி வாரம் இரண்டு. ஞாயிறும் புதனும். "ரத்தம் ஏத்தீரலாமே" என்று அம்மா கேட்டதற்கு டாக்டரம்மா வேண்டாம் என்றார். வேறு ஆள் ரத்தம் உள்ளே போனால் உடம்பு அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளுமாம். பிறகு அம்மாவின் கிட்னியையும் எதிர்க்கலாமாம். "அப்பறம் நீங்க ஆசைப்பட்டாலும் குடுக்க முடியாமப் போயிரும்."

ஜனவரியில் ஆபரேஷன் இல்லை, தள்ளி வைத்தாகிவிட்டது.

பொங்கலுக்கு அம்மா வீட்டில் இருப்பாள். இன்று நன்றாகத் தூக்கம் வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

ஐந்தாவது ஊசி. அம்மா கடைக்கே போய் அண்ணாச்சியிடம், "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சொட்டு டீ காட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டிலும் டீத்தூள் டப்பாவை நூல் மில்லுக்குப் போகும்போது பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறாள்.

டிசம்பர் 3, புதன்

ஆறாவது. அப்பாவின் கையில் ஊசி போட்ட இடமெல்லாம் பச்சை பச்சையாக இருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

அரையாண்டுப் பரீட்சைக்கு டைம்டேபிள் தந்துவிட்டார்கள். பதினைந்தாம் தேதி இங்கிலீஷ்.

அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று இன்று பக்கத்தில் போய் நின்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஒரு கிட்னியோட எத்தன வருசம்மா இருக்க முடியும்?" என்று கேட்டுவிட்டேன். அதைக் கேட்க நான் போகவில்லை.

"ஆயிசுக்கும் இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு. வெங்காயத்த எடு."

"ஆபரேஷன்ல மயக்க மருந்து குடுத்து முழிக்கலைன்னா?"

அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் வெங்காயத் தண்ணீர். "போய்ப் படிடி" என்றாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஏழாவது. இன்று சிஸ்டர் அப்பாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதம் மாதிரி வெள்ளை. "மருந்து போடறது சுவத்துல போடற மாதிரில்ல இருக்கு" என்றார்.

அம்மா, "திருட்டு டீ" என்றாள். முன்பெல்லாம் அப்பா இல்லை என்பார். இப்போது அதற்கும் தெம்பு இல்லை.

டிசம்பர் 10, புதன்

எட்டாவது. ஊசி தீர்ந்துவிட்டது. கீழ்த் தட்டில் தக்காளி மட்டும் இருக்கிறது. ஐஸ் டிரேயை மறுபடி மேலே வைத்துவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

டிசம்பர் 13, சனி

6.7.

அப்பா மாடிப்படி ஏற முடியாமல் ஆஸ்பத்திரியில் வீல்சேரில் வந்தார். டாக்டரம்மா, "இனி வேற வழி இல்லை. திங்கக்கிழமை அட்மிட் பண்ணுங்க, ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தலாம்" என்றார். ஏற்றிய பிறகு அம்மாவின் கிட்னி ஒத்துப்போகிறதா என்று முதலில் இருந்து டெஸ்ட் எடுக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டும். வேறு ஆள் என்று யாரும் இல்லை.

அதாவது அம்மாவைக் கிழிக்கவே மாட்டார்கள்.

நான் நினைத்ததை இங்கே எழுத மாட்டேன்.

திரும்பும்போது அப்பா முன் சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கினார். அம்மா என் பக்கத்தில். மதுரை தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் பயமாத்தான்டி இருந்துச்சு. தெனமும் மில்லுல நூலு முடியும்போது மச்சத்துக்கிட்டத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவேன். ஆனா இப்பப் பாரு, உன்னால ஆகாதுன்னு சொல்லிருவாகளோன்னுதான் பயப்படுறேன். அந்த மனுசனுக்கு நான் வேற என்னத்தக் குடுத்தேன்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டாக்டரம்மா அந்தக் கோடு போட்ட நாளிலும் ஜன்னலைத்தான் பார்த்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

காலையில் அப்பாவைக் காணோம். கடைக்குப் போயிருந்தார். நாளைக்கு ஆஸ்பத்திரி என்பதால் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நடந்தே போய்விட்டாராம். அம்மா என்னை அனுப்பினாள்.

அப்பா பாய்லர் பக்கம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. புது ஆள் ஒருவர் டீ ஆற்றினார். பாதி தரையில் போனது. அப்பாவின் வலது கை மட்டும் முழங்காலில் அதே மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவருக்கே தெரிந்திருக்காது.

ரத்தம் கொடுக்க வருகிறேன் என்று சொன்னவர்களில் கருப்பையா மாமாவும் ஒருவர். "நாளைக்கு ஏறப்போறது என் ரத்தமாக்கும். அப்பறம் மாஸ்டரு கால் தானா பிராந்திக் கடைப் பக்கம் நடக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஆனா மாஸ்டரே, நெசத்தச் சொல்லுங்க. திருட்டு டீ எத்தன குடிச்சீக? இருந்த ரத்தம் அம்புட்டையும் டீயாக் கரைச்சுப்புட்டீகளாமே."

அப்பாவும் சிரித்தார். "குடிச்சிருந்தாலாவது ருசி மிஞ்சியிருக்கும்யா."

"அப்பா குடிக்கல" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. புது மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அப்பா ஒரு சொட்டுகூடக் குடிக்கல. ஊசி செத்துப்போச்சு. நான்தான் ஐஸ்ல வச்சேன். மேல, ஐஸ் கட்டி வைக்கிற எடத்துல வச்சேன். எட்டும் ஒறஞ்சுபோச்சு. உருட்டி உருட்டித் தண்ணியாக்கி வச்சேன். ஒறஞ்சா போடக் கூடாதுன்னு தாள்ல இருக்கு."

கல்லாவில் இருந்த அண்ணாச்சி, "ஐஸ்ல வைக்கத்தானே ஆத்தா சொல்லுவாக" என்றார்.

"இல்ல. பிரிட்ஜுல வைக்கணும். ஐஸ்ல வைக்கக் கூடாது."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்தார், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். என் தலையில் கையை ஊன்றிக்கொண்டு கடை முழுவதையும் பார்த்துச் சொன்னார்: "கேட்டீங்களாய்யா? குடிக்கலை. எம் மகளே சாட்சி."

பதினைந்து நாளாக அவரை எல்லோரும் திருடன் என்று சொன்னார்கள். அது என்னால்.

கருப்பையா மாமா ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். எஸ்தர் சிஸ்டர் ஓடி வந்தார். தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "நானும்ல ஐஸ், ஐஸ்னு கேட்டேன்" என்று தன் வாயில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். அங்கேயே நின்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். நாளைக்கு அட்மிட் ஆக வேண்டும், ஆனால் ரத்தம் உடனே வேண்டாம், படுக்க வைத்துக் கவனித்துக்கொண்டே புது ஊசியும் இரும்புச் சத்து டிரிப்ஸும் போட்டுப் பார்க்கலாம், மூச்சு ரொம்பத் திணறினால் மட்டும் ரத்தம் என்று டாக்டரம்மா சொன்னாராம். நான் அங்கேதான் நின்றேன். ஆனால் எல்லாம் தூரத்தில் கேட்டது.

எல்லோரும் போன பிறகு அம்மா பிரிட்ஜைத் திறந்தாள். குட்டிக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போன மாசம் பதினொண்ணாம் தேதி."

விரலில் எண்ணினாள். "முப்பத்தி மூணு நாளு."

"ம்."

"திட்டுவேன்னு பயந்தியா?"

தலையை ஆட்டப் போனேன். ஆட்ட முடியவில்லை.

அம்மா பிரிட்ஜை மூடினாள். என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "நான் செத்துருவேன்னு நெனச்சியாடி?"

சத்தியமாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவள், "ம்" என்றாள், நான் சொல்லிவிட்ட மாதிரி. பிறகு என் கையை இழுத்து அந்த மச்சத்தின் மேல் வைத்துக்கொண்டாள். சூடாக இருந்தது. இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். உள்ளே அப்பா, "ரெண்டு பேரும் செத்துப் பொழச்சது போதும், எனக்கு ஒரு டீயப் போட்டுக் குடுங்க. மாத்திரை போட்டு மூணு மணி நேரமாச்சு" என்றார்.

டீத்தூள் டப்பா அம்மாவின் மில் பையில் இருந்தது. எடுத்து வந்தேன். அரை கிளாஸ் போட்டேன். அப்பா மோந்து பார்த்தார். "டிக்காசன் கூடிப்போச்சு" என்றார். குடித்து முடித்தார்.

டிசம்பர் 15, திங்கள்

அப்பாவும் அம்மாவும் மதுரைக்குப் போய்விட்டார்கள். நான் பரீட்சை எழுதினேன். ஐந்து கட்டளை வாக்கியம் எழுதுக என்று ஒரு கேள்வி. நான்கு எழுதினேன். ஐந்தாவதுக்கு அந்த ஊசித் தாள் வாக்கியம்தான் ஞாபகம் வந்தது.

டிசம்பர் 18, வியாழன்

ரத்தம் ஏற்றவில்லை. மூச்சு தேவலை. சிஸ்டர் போனில் கேட்டுச் சொன்னார். இரண்டு நாள் கழித்து வருவார்கள்.

டிசம்பர் 21, ஞாயிறு

புது ஊசிகள் வந்துவிட்டன. பெட்டியை என் கையில் கொடுப்பார்களா என்று தூரத்திலேயே நின்றேன். அப்பா, "இந்தா சோதி" என்று நீட்டினார். நான் அடுக்கி முடிக்கும் வரை அம்மா என் பின்னால் நின்றாள்.

டிரேயில் இருந்து ஐஸ் கட்டி கேட்டு வந்த சிஸ்டர், "ஊசி ஐஸ்லதா..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜனவரி 10, சனி

8.2.

ஏறிவிட்டது என்று டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். இதே மாதிரி போனால் மார்ச்சில் பத்து வரும். அதற்கு அடுத்த வாரம் ஆபரேஷன். அம்மா தேதியைக் கேட்டுக் காலண்டர் தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா கடையில் ஒரே ஒரு டீ ஆற்றிக் காட்டினார். முழங்கை நீளம் வந்தது. கருப்பையா மாமா ஸ்கேல் எடுத்து வரச் சொன்னார்.

ஒவ்வொரு ஊசியும் அம்மாவை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "எனக்குந்தான்" என்றாள்.

நாளை ஞாயிறு. அரை மணி நேரம் முன்னால் எடுத்து வைக்க வேண்டும். கீழ்த் தட்டில் இருந்து. உருட்டத் தேவையில்லை.